கழுவாத படம்

வேலூரில் முதன்முதலாகப் போட்டோக் கண்காட்சி நடந்தது 1932ஆம் வருஷம் மார்ச் மாதம். நடத்தியது ஒரு நிழற்படச் சங்கம். சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மொத்தம் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேரும் ஆண்கள், அதில் ஏழு பேர் வக்கீல்கள். ஏழு வக்கீல்கள் ஓரிடத்தில் உட்கார்ந்தால் படம் எடுக்கிறார்களோ இல்லையோ, விதி எழுதாமல் எழுந்திருப்பார்களா? நாற்பத்திரண்டு விதிகள் எழுதி அச்சடித்தும் விட்டார்கள். வக்கீல்களில் ஒருவரான செயலாளர் சுந்தரமூர்த்திக்கு அத்தனையும் தலைகீழ்ப் பாடம்.

அதில் ஒன்பதாவது விதி இது. புதிதாகச் சேர விரும்புகிறவர் ஒரு படம் அனுப்ப வேண்டும். செயலாளர் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அது பட்டியலில் ஏறும். கண்காட்சி நடக்கும் மூன்று நாளும் அந்தப் படம் தன் இடத்தில் தொங்கினால் அவர் அங்கத்தினர். அங்கத்தினருக்குச் சங்கத்தின் கேமராவை வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. இவ்வளவும் எழுதினவர்கள், சேர விரும்புகிறவர் ஆணாக இருக்க வேண்டும் என்று எழுத மறந்துவிட்டார்கள். பெண் ஒருத்தி விண்ணப்பம் போடுவாள் என்று கனவிலாவது நினைத்தால்தானே!

போட்டவள் ஆம்பூர் மரியம்மாள். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவள், வயது இருபத்தாறு. அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மாவின் கேமராவை இரவல் வாங்கி, கூடவே இருந்த புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, அவள் பாழாக்கிய கண்ணாடி பிளேட்டுகளை அடுக்கினால் ஒரு ஜன்னலே வைத்துவிடலாம். மூன்று வருஷத்தில் கை வந்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்துவிட்டது. ஆனால் டாக்டரம்மா ஏப்ரலில் கப்பலேறிச் சொந்த ஊருக்குப் போகிறாள், கேமராவும் கூடப் போகிறது. அதற்கப்புறம் மரியம்மாள் மறுபடியும் வெறும் மருந்து கலக்குகிறவள்தான். சங்கத்தின் கேமரா கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

தோல் பதனிடும் ஆவாரம்பட்டைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக நடக்கும் பெண்களைப் படம் பிடித்திருந்தாள். அதைத்தான் அனுப்புவதாக முடிவு. உறையில் போட்டு, தபாலில் சேர்க்கச் சொல்லிப் புருஷன் அருள்தாஸிடம் கொடுத்தாள்.

இங்கேதான் கெட்டது. அருள்தாஸுக்குத் தோல் கிடங்கில் வேலை. வாங்க வருகிறவன் கண்ணில் முதலில் படுகிற மேல் தோல் எப்போதும் முதல் தரமாக இருக்க வேண்டும் என்பது கிடங்கில் பால பாடம். பதினைந்து வருஷமாகக் கட்டின்மேல் நல்ல தோலை எடுத்து வைத்துப் பழகிய கை அது. உறையைப் பிரித்துப் பார்த்தான். நல்ல படம்தான், ஆனால் அவள் படம் வைக்கும் பெட்டியின் அடியில் இன்னொரு உறை இருந்ததே? அதையும் பிரித்தான். பார்த்ததும் மனுஷனுக்கு மூச்சே நின்றது. இது முதல் தரம், அது இரண்டாம் தரம் என்று தீர்மானித்து, மாற்றி வைத்து அனுப்பிவிட்டான். பெண்டாட்டிக்கு நல்லது செய்துவிட்ட பெருமையில் ஒரு வாரம் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தான்.

கண்காட்சி ஆரம்பம் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை மத்தியானம் தன் படம் எங்கே தொங்குகிறது என்று பார்க்க மரியம்மாள் வேலூருக்கு வந்தாள். லாங்கு பஜாருக்குப் பின்னால் நீளமாக ஒரு ஹால். மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல்கள். அருள்தாஸும் பின்னாலேயே வந்தான்.

"வாங்கம்மா, வாங்க!" என்றார் சுந்தரமூர்த்தி. "நாற்பத்தொன்றாம் எண். எங்க பன்னிரண்டு பேர்ல ஒருத்தன்கூட இப்படி எடுத்ததில்லை. நானும் சேர்த்துத்தான் சொல்றேன்."

மரியம்மாள் சுவரைப் பார்த்தாள். அங்கே தொங்கியது அக்தரி பேகம்.

அக்தரி பேகம் வாணியம்பாடித் தோல் வியாபாரி ஜியாவுல்லா சாயபுவின் மனைவி. மகன் ரஃபி அகமது ரங்கூனில் இருந்தான், அம்மாவைப் பார்த்து நாலு வருஷம். படமாவது அனுப்புங்கள் என்று எழுதினான். பெண்கள் வேற்று ஆண் கண்ணில் படாத கோஷா வீட்டுக்குள் எந்தப் போட்டோக்காரன் நுழைய முடியும்? அப்படித்தான் ஜனவரியில் மரியம்மாளுக்கு ஆள் வந்தது. நகையெல்லாம் போட்டுக்கொண்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்த பேகத்தை மரியம்மாள் இரண்டு பிளேட் எடுத்தாள். இரண்டிலும் உயிர் இல்லை. அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து ஆட்டுத்தோல் மாதிரிகள் உள்ளே வந்தன. பேகம் நாற்காலியை மறந்தாள், போட்டோவை மறந்தாள். ஒரு தோலை எடுத்து முற்றத்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, உண்ணி கடித்த தழும்பைத் தேடினாள். தோலின் தரம் பார்ப்பதில் ஜியாவுல்லா சாயபுவின் கண்ணைப் போல மண்டியில் ஒரு கண் கிடையாது என்று ஊரே சொல்லும். அந்தக் கண் உள்ளே முற்றத்தில் இருந்தது! மரியம்மாள் பிடித்தது அந்தக் கணத்தை.

அன்றைக்கு பேகம் சொன்னது இதுதான்: "படம் எடுத்த கண்ணாடி என்கிட்டயே இருக்கணும். எனக்கு ஒண்ணு, ரஃபிக்கு ஒண்ணு, ரெண்டே ரெண்டு. வேத்து ஆம்பள கண்ணு படக்கூடாது. மரியம்ங்கற பேரு எங்க வேதக் கிதாபுலயும் இருக்குது. அந்தப் பேர வெச்சிக்கினு பொய் சொல்லமாட்டேன்னு நம்புறேன்."

மரியம்மாள் சத்தியம் செய்தாள். பிளேட்டையும் கொடுத்துவிட்டாள். ஆனால் இரண்டு பிரதி போட்டவள் மூன்றாவதாக ஒன்றும் போட்டிருந்தாள். யாருக்கும் காட்ட இல்லை, தனக்கு மட்டும். அந்த ஆசைதான் இப்போது சுவரில் தொங்கியது.

அவள் நேராகப் போய்ப் படத்தைத் திருப்பிச் சுவர் பார்க்க வைத்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"இது தப்பா வந்துட்ச்சு சார். வேற படம் தர்றேன், மாத்திக்கோங்க."

"பட்டியல் அச்சாயிடுச்சே! பதினாறாவது விதி. படத்தை மாற்ற முடியாது. அதே படத்தின் வேறு பிரதி வேணும்னா வைக்கலாம், அது பதினேழு. எடுத்துட்டீங்கன்னா எடுத்ததுதான், இந்த வருஷம் அங்கத்தினர் ஆக முடியாது." அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் விதி விதிதானே.

"இத எத்தினி பேரு பாத்தாங்க?"

"நானும், ஆணியடிச்ச ஆளும். ஏன்?"

மரியம்மாள் திரும்பி அருள்தாஸைப் பார்த்தாள். அவன் முகத்திலிருந்தே எல்லாம் புரிந்துவிட்டது. "நல்லது எதுன்னு பாத்து..." என்று ஆரம்பித்தவன், அவள் பார்வையில் வாயை மூடிக்கொண்டான். படத்தைச் சட்டத்தோடு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலைக்குள் ஏதாவது ஒன்று அந்த ஆணியில் தொங்கியாக வேண்டும் என்று சுந்தரமூர்த்தி வாசல்வரை வந்து ஞாபகப்படுத்தினார்.

சொல்லாமலே விட்டிருக்கலாம். அக்தரி பேகத்துக்கு எங்கே தெரியப் போகிறது? ரயிலில் அருள்தாஸ் அதைத்தான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "நீ ஒண்ணும் பேசாத" என்றாள். மறுநாள் காலை இருவரும் வாணியம்பாடியில் இறங்கினார்கள்.

பேகம் எல்லாவற்றையும் கேட்டாள். முற்றத்தை ஒட்டிய அறையில் திரைக்கு அந்தப் பக்கம் அருள்தாஸ் நின்றுகொண்டிருந்தான்.

"ரெண்டுன்னு சொன்னே. மூணாவது எங்கேர்ந்து வந்துச்சு?"

"ஆசையில எடுத்து வெச்சிக்கினேன்மா. நா எடுத்ததுலயே இதான் நல்ல படம். தப்பு என்னுது."

"அவ மேல தப்பில்லீங்கம்மா, நான்தான் புத்தியில்லாம..." என்றது திரை.

"நீ சும்மா இரு!" என்றாள் பேகம் திரையைப் பார்த்து. பிறகு விரலை மடக்கினாள். "வக்கீலு ஒண்ணு, ஆணியடிக்கறவன் ரெண்டு, உன் புருசன் மூணு. ஜபான் குடுத்தியே மரியம், வாக்கு. குடுத்த ஜபானு இதானா?"

மரியம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. படத்தைச் சட்டத்திலிருந்து உருவிப் பேகத்தின் கையில் கொடுத்தாள். பேகம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், நேரே சமையல்கட்டுக்குப் போய் அடுப்பில் போட்டாள். வந்து உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தாள். போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"சரி, அந்தக் காண்காச்சி? உனக்கு இன்னா ஆவும்?"

"வெலகிக்கறேன்மா."

"வெலகினா?"

கேமரா கதையை மரியம்மாள் சொன்னாள். மனதை உருக்குவதற்காகச் சொல்லவில்லை, கேட்டதால் சொன்னாள். பேகம் வெற்றிலையைக் கீழே வைத்தாள்.

"பொம்பளைங்க பாக்கறதுக்குத் தனியா நேரம் உண்டா?"

"ஞாயித்துக்கெழம மூணுலேர்ந்து அஞ்சு. கோஷாவுக்குன்னே. ஆம்பளைங்க யாரும் உள்ள வரமாட்டாங்க."

"பொம்பளைங்க பாத்தா எனக்கு இன்னா? பாக்கட்டும். ஆனா அஞ்சு மணிக்கு மேல ஆம்பளைங்க வருவாங்களே."

அப்போதுதான் மரியம்மாளுக்கு அது தோன்றியது. "அம்மா, அந்தக் கண்ணாடிய ஒரு மணி நேரம் குடுங்க. உங்க கண்ணு முன்னாலயே ஒண்ணு போடறேன். ஆனா கழுவமாட்டேன்."

படத்தாளைக் கண்ணாடி பிளேட்டின் அடியில் வைத்து வெயிலில் காட்டினால் படம் பழுப்பாக விழும். அதை ஹைப்போ என்ற மருந்து கலந்த தண்ணீரில் போட்டுக் கழுவினால்தான் நிலைக்கும். கழுவாமல் விட்டால் வெளிச்சம் படப்பட முகம், கை, துணி எல்லாம் கருத்து, தாள் முழுக்க ஒரே பழுப்பாகிவிடும். போட்டோக் கடைகளில் வாடிக்கைக்காரருக்கு மாதிரி காட்டுவது இப்படிக் கழுவாத பிரதியைத்தான். பிடித்திருந்தால் நல்ல பிரதி வாங்கிக்கொள்ள வேண்டும், இதையே வைத்துக்கொண்டு ஏமாற்ற முடியாது.

"நெசமா போயிடுமா?"

"அடையாளமே இருக்காது."

அரிசி டிரம்முக்குள்ளிருந்து பிளேட் வந்தது. படத்தாள் மரியம்மாளின் பையில் எப்போதும் இருக்கும். முற்றத்து வெயிலில் படம் விழுந்தது. கழுவாத தாளை மரியம்மாள் சட்டத்தில் போட்டுக் கறுப்புத் துணியால் மூடினாள்.

"தொறக்கறது நான்தான்," என்றாள் பேகம். "நான் வந்தா தொறப்பேன். வரலேன்னா மூடினது மூடினபடியே கெடக்கட்டும். பொம்பளைங்ககூடப் பாக்கக்கூடாது. இந்தத் தடவ உன் ஜபான பாக்கறேன்."

வருவேன் என்று மட்டும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நாற்பத்தொன்றாம் எண்ணில் கறுப்புத் துணி தொங்கியது. சுந்தரமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இது என்னம்மா கூத்து?"

"பதினேழாவது விதிப்படி அதே படத்தோட வேற பிரதி சார். மூடக்கூடாதுன்னு எதாவது விதி இருக்குதா?"

அவர் கண்ணை மூடி நாற்பத்திரண்டையும் மனதுக்குள் ஓட்டினார். இல்லை. எழுத விட்டுப்போயிருந்தது.

மற்றப் படங்களெல்லாம் கோட்டை அகழி, கோயில் கோபுரம், துரையோடு நிற்கும் நாய். பாவம், அவற்றை யார் பார்த்தார்கள்? இரண்டு நாளும் கூட்டம் மொத்தமும் துணியின் முன்னால்தான். பிசாசுப் படம் என்றான் ஒருத்தன். படமே எடுக்கத் தெரியாமல் துணியைப் போட்டு ஏமாற்றுகிறாள் என்றான் இன்னொருத்தன். மரியம்மாள் காதில் விழத்தான் சொன்னார்கள். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அருள்தாஸ் துணிக்குப் பக்கத்தில் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஒருத்தர் கைத்தடியால் துணியை நெம்பப் பார்த்தார். "கிட்ட வராதீங்க, கை ஒடிஞ்சிடும்!" என்று ஒரு போடு போட்டான். செய்த தப்புக்கு அவனுக்கும் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆண்கள் வெளியேறினார்கள். வாசலில் திரை கட்டியாயிற்று. துணி மூடிய ஜட்காக்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. மேல்விஷாரத்திலிருந்து, பேரணாம்பட்டிலிருந்து, உள்ளூரிலிருந்து நாற்பது பெண்களாவது இருப்பார்கள். புர்காவைத் தூக்கிவிட்டதும் ஹாலே கலகலவென்று ஆகிவிட்டது. எல்லாரும் கடைசியில் வந்து நின்றது துணியிடம்.

"தொறம்மா, நாங்க பொம்பளைங்கதான?"

"அவங்க வரணும். அவங்கதான் தொறக்கணும்."

மூன்றரை, நான்கு. வாணியம்பாடியிலிருந்து வரும் ரயில் காட்பாடிக்கு எப்போதோ வந்திருக்க வேண்டும். "ஆம்பள யாருமில்லாத நேரத்துல சும்மா ஒரு ஓரத்த தூக்கு, யாருகிட்டயும் சொல்லமாட்டோம்" என்று ஒரு கிழவி தாடையைப் பிடித்துக் கெஞ்சினாள். மரியம்மாள் துணியின் முன்னால் போய் நின்றுகொண்டாள். வராவிட்டால் வரவேண்டாம், தொங்குகிறது அல்லவா, கேமரா கிடைத்துவிடும். அப்படித்தான் மனசுக்குச் சமாதானம் சொன்னாள். மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு ஆளாவது அந்தப் படத்தைப் பார்க்காமல் கேமரா கிடைத்து என்ன?

நாலே காலுக்கு வாசல் திரை விலகியது. அக்தரி பேகம், பின்னால் இரண்டு மருமகள்கள்.

"வண்டி லேட்டு. ஒரே பேஜார்" என்றாள். நேராக வந்து ஒரே இழுப்பில் துணியைக் கழற்றினாள்.

படத்தில் முக்காடு தோளில் நழுவ, தோலைத் தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கி நிற்கிறாள் ஒருத்தி. தோலின் வழியாக வெயில் முகத்தில் விழுகிறது. பெண்கள் படத்தைப் பார்த்தார்கள், பேகத்தைப் பார்த்தார்கள், மறுபடியும் படத்தைப் பார்த்தார்கள்.

"யா அல்லா! ஜியாவுல்லா சாயபு கண்ணு இதானா?" என்றாள் பேரணாம்பட்டுக்காரி.

"பின்ன? அவருக்குக் கண்ணாடி போட்டாலும் தழும்பு தெரியாது" என்றாள் பேகம்.

சிரிப்பு கொல்லென்று எழுந்தது. அப்புறம் ஒருத்தி சொன்னாள், "எங்க ஊட்லயும் தோலு ஊறுற பட்டத் தண்ணிய நாக்குல வெச்சுப் பாத்துப் பதம் சொல்றது நான்தான்." இன்னொருத்தி, "எங்க மாமியாரு தொட்டுப் பாக்காம ஒரு கட்டு வெளிய போவாது" என்றாள். யார் வீட்டிலும் வெளியே சொல்லாத சங்கதிகள் அன்றைக்கு அந்த ஹாலில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. மரியம்மாள் ஓர் ஓரமாக நின்று கேட்டாள். தன் படத்தின் முன்னால் இத்தனை வாய் திறக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

நாலே முக்கால். பேகம் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். மேற்கு ஜன்னலுக்குப் போய், சாய்ந்த வெயிலில் படத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

முதலில் முக்காட்டின் வெள்ளை மங்கியது. பிறகு நெற்றி. பிறகு சுருக்கிய கண். மரியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அவளுடைய ஆகச் சிறந்த படம் அவள் கண்ணெதிரே தாளுக்குள் அமிழ்ந்துகொண்டிருந்தது. தானே யோசித்துச் சொன்ன வழிதான், இருந்தும் பொறுக்கமுடியவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அழாத," என்றாள் பேகம், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "கண்ணாடி என்கிட்ட பத்திரமா இருக்குது. எப்போ பாக்கணும்னு தோணுதோ, வந்து வெயில்ல போட்டுப் பாத்துக்கோ. உன் ஜபானு முதல் தடவ ஓட்ட விழுந்துச்சு. ரெண்டாவது தடவ ஓட்ட இல்ல. நான் பாத்துட்டேன்."

படம் முழுக்கப் பழுப்பானதும் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஒரு தழும்பும் தெரியவில்லை. சட்டத்தில் போட்டு ஆணியில் மாட்டினாள். துணியை மடித்து மரியம்மாள் கையில் கொடுத்தாள்.

"இப்போ ஆம்பளைங்க நல்லா பாக்கட்டும்."

ஐந்து மணிக்குப் பெண்கள் ஜட்காவில் ஏறினார்கள். கதவு திறந்ததும் ஆண்கள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். துணி இல்லை! எல்லாரும் நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு ஓடினார்கள். அங்கே வெறும் பழுப்புத் தாள். கூட்டத்தில் ஜியாவுல்லா சாயபுவும் இருந்தார். மனைவியையும் மருமகள்களையும் ரயிலில் கூட்டிவந்தவர், முக்கால் மணி நேரம் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர். தாளுக்குக் கிட்டே போய்க் கூர்ந்து பார்த்தார்.

"கலரு மட்டும் ஜோரா இருக்குது. ஆவாரம்பட்டையில பதம் போட்ட மாதிரி" என்றார். பிறகு திரும்பினார். "வக்கீல் சார், நீங்கதான இதத் தேர்ந்தெடுத்தீங்க? இன்னா இருந்துச்சு இதுல?"

ஹால் முழுக்க சுந்தரமூர்த்தியின் முகத்தைப் பார்த்தது. மரியம்மாள் அருள்தாஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். விதி தவறாத மனுஷன், வாழ்நாளில் ஒரு பொய் சாட்சியைக் கூண்டில் ஏற்றாதவர். பழுப்புத் தாளைப் பார்த்தார், மரியம்மாள் கையில் மடிந்திருந்த கறுப்புத் துணியைப் பார்த்தார். வேற்று ஆண் கண் படக்கூடாது என்றுதான் அந்தத் துணி என்பது அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும்.

"நான் எதையும் பார்க்கவில்லை" என்றார்.

ஆணியடித்த ஆளும் ஒரு மூலையிலிருந்து, "நானும் பாக்கல சாமி" என்றான்.

ஜியாவுல்லா சாயபு தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். சுந்தரமூர்த்தி பதிவேட்டைத் திறந்தார். "மூன்று நாள், தன் இடத்தில். ஒன்பதாவது விதி பூர்த்தி" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே பதின்மூன்றாவது பெயரை எழுதினார். எழுதி முடித்துவிட்டு அலமாரியைத் திறந்து கேமராப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். மரியம்மாள் அதைத் தூக்கிக்கொண்டாள்.

வாசலில் ஒரு ஜட்கா இன்னும் நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து பேரணாம்பட்டுக்காரியின் குரல் கேட்டது. "மரியம்மா, அடுத்த ஞாயித்துக்கெழம எங்க ஊட்டுக்கு வா. மொத்தம் ஒம்போது பொம்பளைங்க இருக்கோம். நாற்காலியில எல்லாம் உக்காரமாட்டோம், சொல்லிட்டேன்!"

"வர்றேன்மா," என்றாள் மரியம்மாள்.

பெட்டி கனமாகத்தான் இருந்தது. வாங்கிக்கொள்ள அருள்தாஸ் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.